ஒஷாவா ஜெனரல்ஸ் அட்டைகள்: முழுச் செற்றையும் வைத்திருப்பதா, நட்சத்திரங்களை மட்டுமா?

கேள்வி, 2025 ஒக்ரோபர் 12

அண்ணை, போன வருடம் ஸ்காபரோவிலிருந்து ஒஷாவாவுக்கு வீடு மாறினோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஜெனரல்ஸ் ஆட்டம் என்றால் சாப்பாடும் வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மா தன் மகன் விட்டுப்போன பழைய ஜெனரல்ஸ் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பட அட்டைச் செற்றுகளை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு இவனுக்குக் கொடுத்துவிட்டார். வேலையிடத்து நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லுக்குப் போனவர்களின் அட்டையை மட்டும் எடுத்து வை, மிச்சமெல்லாம் குப்பை என்கிறார். அப்படியா? இதில் காசு ஏதும் வருமா?

2025 ஒக்ரோபர் 12, இரவு

அப்படியில்லை தம்பி. ஒரு அட்டையைக்கூடப் பிரிக்க வேண்டாம். எந்தச் செற் எந்த ரப்பர் பாண்டுக்குள் இருந்ததோ அந்த வரிசையிலேயே இருக்கட்டும். ஆனால் ரப்பர் பாண்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள், அது ஓரங்களை வெட்டும், பழசானால் உருகி ஒட்டும்.

ஜெனரல்ஸ் விளையாடுவது ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில். பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பெடியன்கள். இதுவும், மேற்கு லீக்கும், கியூபெக் லீக்கும் சேர்ந்ததுதான் கனேடிய ஹொக்கி லீக், மொத்தம் அறுபது சொச்சம் அணிகள். கடைகளில் பொதியாக விற்கும் அட்டைகளில் பெரும்பாலும் என்.எச்.எல். அணிகள் கண் வைத்திருக்கும் பிள்ளைகள்தான் வருவார்கள். ஊர் அணி தன் ரசிகர்களுக்கென்று அச்சடிக்கும் செற் வேறு மாதிரி. அதில் நாலாவது வரிசையில் ஆட்டத்துக்குச் சில நிமிடம் மட்டும் ஐசில் இறங்கியவனும் இருப்பான், சீசன் முழுக்கக் கதவோரம் தொப்பியோடு உட்கார்ந்திருந்த இரண்டாவது கோல் காப்பாளனும் இருப்பான். அவர்களில் பலருக்கு வாழ்நாளில் வேறு அட்டையே வராது.

உங்கள் நண்பர் சொல்வதுபோல் செய்தால், பள்ளிக்கூடக் குழுப்படத்தில் டொக்டரானவர்களை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்த மாதிரி ஆகும்.

2025 ஒக்ரோபர் 13

காசு பற்றியும் கேட்டிருந்தீர்கள், நேற்று விட்டுவிட்டேன். இல்லை, பெரிதாக வராது. சில விதிவிலக்குகள் உண்டு, பிறகு சொல்கிறேன். மகனின் படிப்புச் செலவுக்கு வேறு வழி பாருங்கள்.

2025 ஒக்ரோபர் 14

இன்னொரு வாசகர் நண்பரின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார்: "யார் மேலே போவான் என்று பார்த்தாலே தெரியும், டிராஃப்ட் பட்டியல் இருக்கிறதே."

டிராஃப்ட் என்றால் என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்வது. 2014-15 ஜெனரல்ஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் எல்லோரும் பேசிய பெயர் மைக்கல் டால் கோல். 2014 டிராஃப்ட்டில் ஐந்தாவதாக நியூயோர்க் ஐலண்டர்ஸ் எடுத்த பிள்ளை. அதே அணியில் அன்ரனி சிரெல்லி என்று ஒரு பெடியன். ஒன்ராறியோ லீக்கின் தெரிவில் எந்த அணியும் எடுக்காதவன், பயிற்சி முகாமுக்குத் தானாக வந்து இடம் பிடித்தவன். 2015 மே மாதம் கியூபெக் நகரத்தில் மெமோரியல் கிண்ண இறுதியாட்டம், கனேடிய ஹொக்கி லீக் முழுவதற்குமான கிண்ணம் அது, எதிரணி கெலோனா. 2-1 என்று ஜெனரல்ஸ் வென்றார்கள். இரண்டு கோலும் சிரெல்லி போட்டவை, இரண்டாவது மேலதிக நேரத்தில். அதற்குப் பிறகுதான் தம்பா பே அவனை மூன்றாவது சுற்றில் எடுத்தது. 2020, 2021 இரண்டு வருடமும் என்.எச்.எல்லின் ஸ்டான்லி கிண்ணம் வென்ற அணியில் அவன் இருந்தான். டால் கோலின் என்.எச்.எல். காலம் நீளவில்லை.

அந்தச் சீசனின் மார்கழி மாதத்தில் யாராவது அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு "இவன் வேண்டும், இவன் வேண்டாம்" என்று பிரித்திருந்தால், சிரெல்லி எந்தப் பக்கம் போயிருப்பான்? நான் அந்த வருடம் அநேகமாக எல்லா ஞாயிறு ஆட்டத்துக்கும் போனேன். அவனைப் பார்த்து "உழைப்பாளிப் பிள்ளை" என்று நினைத்ததற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அறுபதுகளிலிருந்து வருகிற கிழவருக்கும் தோன்றவில்லை.

2025 ஒக்ரோபர் 16

பாதுகாப்பது பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு. ஒன்பது அறை உள்ள பிளாஸ்டிக் தாள்கள், பி.வி.சி. இல்லாதவை என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பழைய மென்மையான வினைல் தாள்கள் காலப்போக்கில் எண்ணெய் கசிந்து அச்சைக் கெடுக்கும். ஒட்டும் பக்கங்கள் உள்ள போட்டோ ஆல்பம் வேண்டவே வேண்டாம். நிலக்கீழ் அறையில் வைக்காதீர்கள், கோடையில் ஈரம் ஏறி அட்டை வளையும்.

சில செற்றுகள் ஒரே பெரிய தாளாக, துளைக்கோடு போட்டு வந்தவை. இன்னும் கிழிக்காமல் இருந்தால் கிழிக்காதீர்கள்.

2025 ஒக்ரோபர் 19

லின்ட்ரோஸ் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சரி, எழுதுகிறேன், நீளமாக வரும்.

நான் ஒஷாவாவுக்கு வந்த குளிர்காலம் ஊர் முழுக்க ஒரே பெயர்தான். எரிக் லின்ட்ரோஸ், பதினாறு வயது. ஆளைப் பார்த்தால் இருபத்தைந்து. 1989இல் சூ செயின்ட் மேரி கிரேஹவுண்ட்ஸ் அவரை முதலாவதாகத் தெரிவுசெய்தது, அவர் அங்கே போக மாட்டேன் என்று நின்றார். அந்த டிசம்பரில் ஒஷாவா பல வீரர்களையும் காசையும் கொடுத்து அவரை வாங்கியது. 1990 மே மாதம் ஹமில்ரனில் கிச்சினர் ரேஞ்சர்ஸுக்கு எதிரான மெமோரியல் கிண்ண இறுதியாட்டம், இரண்டு மேலதிக நேரம் போய் 4-3. நான் வேலை செய்த உதிரிப்பாகப் பட்டறையில் இரவு ஷிப்ட் முழுவதும் வானொலியைச் சுற்றி நின்றது. எனக்கு அப்போது ஐஸ் ஹொக்கியில் பாதி விதி புரியாது. ஆனால் இந்த ஊரில் வேலைக்குப் போகிறவன் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். செவென்த் இன்னிங் ஸ்கெட்ச் என்ற நிறுவனம் 1989-90 சீசனுக்கு ஒன்ராறியோ லீக் முழுவதற்கும் 200 அட்டை போட்டது. முதலாம் இலக்கம் லின்ட்ரோஸ், ஜெனரல்ஸ் உடுப்பில். அடுத்த வருடம் 400 அட்டை. ஸ்கோர் நிறுவனம் அவர் என்.எச்.எல். டிராஃப்ட்டுக்கு வரும் முன்பே ஒப்பந்தம் போட்டு, 1990இல் அவரைப் பேஸ்போல் செற்றிலும் ரொறன்ரோ புளூ ஜேஸ் உடுப்பில் போட்டது. எல்லோரும் வாங்கிப் பெட்டி பெட்டியாகச் சேர்த்தார்கள், வீடு வாங்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றை ஒரு கோப்பிக் காசுக்கு வாங்கலாம். லின்ட்ரோஸ் 2016இல் ஹொக்கிச் சாதனையாளர்களுக்கான ஹோல் ஒஃப் ஃபேமுக்கும் போனார், ஆளில் குறை இல்லை. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் அரிதாகாது, அவ்வளவுதான்.

இந்தக் கதையில் கிரேஹவுண்ட்ஸின் பக்கத்தையும் பாருங்கள். அடுத்த வருடமே, 1991 லீக் இறுதியில், அவர்கள் ஜெனரல்ஸையே வென்றார்கள். 1993இல் சொந்த ஊரில் மெமோரியல் கிண்ணத்தையும் எடுத்தார்கள். அந்த ஊரில் அந்த வருடங்களின் அட்டைகளைச் சேர்ப்பவர் ஒருவரோடு எனக்குக் கடிதத் தொடர்பு உண்டு. லின்ட்ரோஸ் அட்டை ஒன்றுகூடத் தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகும்! எனக்கு அந்த ஊர்ப்பற்று பிடிக்கும்.

2025 ஒக்ரோபர் 20

"பொபி ஓர் ஜெனரல்ஸ் உடுப்பில் இருக்கும் அசல் அட்டை விற்பனைக்கு, 1963" என்று ஒருவர் இணைப்பு அனுப்பியிருந்தார். வாங்காதீர்கள். பெரிய ஹொக்கி நட்சத்திரமான ஓர் 1962இல் பதினாலு வயதில் ஜெனரல்ஸுக்கு வந்து 1966 வரை ஆடினார். அவருடைய முதல் அட்டை டொப்ஸ் நிறுவனத்தின் 1966-67 செற்றில், இலக்கம் 35, பொஸ்டன் புரூயின்ஸ் உடுப்பில். ஜெனரல்ஸ் உடுப்பில் அவர் இருக்கும் அட்டைகள் பல வருடம் கழித்துப் பழைய படத்தை வைத்து அச்சடித்தவை. அவை நல்ல அட்டைகள்தான், என்னிடமும் உண்டு. 1963 என்று சொல்லி விற்பதுதான் பொய்.

2025 நவம்பர் 2

முதலில் கேள்வி கேட்ட தம்பியின் மகன் பெட்டியிலிருந்து ஒரு அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். பின்பக்கத்தில் சைக்கிள் ஓட்டும்போது கவனிக்க வேண்டியதைப் பற்றி ஒரு வரி. அதைக் காட்டி அம்மாவிடம் புது ஹெல்மெற் கேட்டானாம். கெட்டிக்காரன்.

தம்பி, இதுதான் பொலிஸ் செற். இவற்றைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஒன்ராறியோவின் பல அணிகள் உள்ளூர்ப் பொலிசோடு சேர்ந்து இவற்றை அச்சடித்தன. முன்னால் வீரர், பின்னால் பிள்ளைகளுக்கு ஒரு புத்திமதி. பொலிஸ்காரர்கள் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளைக் கண்டால் கொடுப்பார்கள். பிள்ளைகள் பொலிசுக்குப் பயப்படாமல் கிட்டப் போய்க் கதைக்க வேண்டும் என்பதே நோக்கம். நாங்கள் வளர்ந்த இடத்தில் சீருடையைக் கண்டால் வேலி பாய்ந்தோம். இங்கே பிள்ளைகள் சீருடைக்குப் பின்னால் ஓடி "இன்னொன்று இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்த அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

பிள்ளைகள் கையில் போனதால் முழுச் செற் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். சைக்கிள் சில்லுக் கம்பியில் செருகியிருப்பார்கள், காற்சட்டைப் பையோடு துவைத்திருப்பார்கள். கடையில் வாங்கிச் சேர்த்தவர்கள் இல்லாத காலத்து அட்டைகள். 1980-81, 1981-82 ஜெனரல்ஸில் டேவ் அன்ட்ரெய்சக் இருந்தார், பிறகு என்.எச்.எல்லில் 640 கோல் போட்டவர். அவர் முகம் பெட்டியில் வந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள். அதே காலத்தில் டோனி டன்டி 1980-81இல் முதல் சீசனிலேயே 81 கோல் அடித்தார்.

2025 நவம்பர் 3

காசு வராது என்று ஒக்ரோபரில் எழுதினேன், விதிவிலக்கு உண்டு என்றும் எழுதினேன். அந்த விதிவிலக்கு நேற்றுச் சொன்ன வகைதான். விலை இருப்பது முழுசாக, அடையாளமில்லாமல் இருக்கும் பழைய பொலிஸ் செற்றுகளுக்கு. அங்கேயும் செற் பிரிந்தால் நட்சத்திரத்தின் அட்டை மட்டும் விலைபோகும், மிச்சம் எங்கேயோ குப்பைக்குப் போகும், அந்தச் சீசனின் முழுச் செற் உலகத்தில் ஒன்று குறையும். இணையத்தில் விற்ற ஒருவரிடம் "முழுச் செற்" என்று நான் வாங்கியதில் சரியாக இரண்டு பேர் இல்லை, இருவருமே என்.எச்.எல்லுக்குப் போனவர்கள். எடுத்துவிட்டு மிச்சத்தை என் தலையில் கட்டியிருக்கிறார். அந்த இரண்டு இடத்தையும் நான் வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

2025 நவம்பர் 9

1990 இறுதியாட்டத்தில் வெற்றிக் கோல் போட்டது யார் என்று ஒருவர் கேட்டார், லின்ட்ரோஸ்தானே என்று தானே பதிலும் எழுதினார். இல்லை. பில் ஆம்ஸ்ட்ரோங், பின்களத்து ஆட்டக்காரர். என்.எச்.எல்லில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. ஆனால் இன்று என்.எச்.எல்லின் யூற்றா மாமத் அணியின் பொது முகாமையாளர் அவர்தான். ஹொக்கியில் இன்னொரு பில் ஆம்ஸ்ட்ரோங்கும் உண்டு, முன்களத்துக்காரர், வயதில் மூத்தவர். பிலடெல்பியாவுக்காக ஒரே ஒரு என்.எச்.எல். ஆட்டம் ஆடியவர். இணையப் பட்டியல்களில் இருவரையும் கலந்துவிடுவார்கள், அட்டை வாங்கும்போது பிறந்த ஆண்டைப் பாருங்கள்.

யோசித்துப் பாருங்கள், கிண்ணத்தைக் கொண்டுவந்த கோலை அடித்தவர் உங்கள் நண்பரின் கணக்கில் குப்பைப் பக்கம்.

2025 நவம்பர் 16

மார்க்கத்திலிருந்து ஒரு அக்கா: "நம்மட முகம் மாதிரி யாராவது இந்த அட்டைகளில் உண்டா?"

என் பைண்டர்களில் தமிழ்ப் பெயர் இன்னும் ஏறவில்லை அக்கா, அதற்கு ஒரு தாள் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மனி மல்ஹோத்ரா இருக்கிறார். தகப்பன் இந்தியாவிலிருந்து வந்தவர், பிள்ளை மிசிசாகாவில் பிறந்தது, குவெல்ஃப் ஸ்டோர்ம் அணிக்கு ஆடினார், 1998இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் ஏழாவதாக எடுத்தது. பௌமன் நிறுவனம் 1998இல் கனேடிய ஹொக்கி லீக்குக்கென்று ஒரு செற் போட்டது, அதில் வருவார். 2025இல் அவர் பயிற்றுவித்த அபொட்ஸ்ஃபோர்ட் கனக்ஸ், என்.எச்.எல்லுக்கு அடுத்த படி லீக்கின் கால்டர் கிண்ணத்தை வென்றது. ஜெனரல்ஸிலேயே பார்த்தால் 1990 அணியின் கோல் காப்பாளர்களில் ஒருவர் ஃபிரெட் பிராத்வெயிற், கறுப்பினத்தவர், பிறகு எட்மன்டன், கல்கரி என்று என்.எச்.எல்லில் ஆடினார். அந்த அரங்கில் வெள்ளை முகங்களுக்கு நடுவில் புதுசாக வந்து உட்கார்ந்த எனக்கு, முகமூடியைத் தூக்கித் தண்ணீர் குடித்த அந்தப் பிள்ளையைப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது.

2025 நவம்பர் 30

இதை எழுதலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். என்னோடு பட்டறையில் வேலை செய்த ஒரு அம்மாவின் வீட்டில் ஜெனரல்ஸ் வீரர்களைத் தங்கவைப்பார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பதினாறு வயதில் வீட்டை விட்டு வருவதால் ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவது இந்த லீக்கின் வழக்கம். அந்த அம்மா வீட்டில் இரண்டு சீசன் இருந்த பெடியன் வடக்கு ஒன்ராறியோக்காரன். நன்றாக அடிபடுவான், கோல் அருமை. இருபது வயதோடு ஹொக்கி முடிந்தது, இப்போது தீயணைப்புப் படையில் இருக்கிறான். அவன் ஆடினதற்கு இருக்கும் ஒரே அட்டை அந்த வருடத்து ஊர்ச் செற்றில்தான். அந்த அம்மா அதைப் பணப்பையில் வைத்திருந்தார், ஓரமெல்லாம் தேய்ந்து போனது. நான் என் இரட்டைப்படியிலிருந்து நல்லதொன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பழையதையும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் நட்சத்திர அட்டைகளைத் தேடி அலைவதில்லை. விடுபட்ட பெயர்களைத் தேடுகிறேன்.

2025 டிசம்பர் 7

கையெழுத்து பற்றி. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மரியாதையாகக் கேட்டால் போடுவார்கள், அதிலும் பேர்பெறாத பிள்ளைகள் மகிழ்ச்சியோடு போடுவார்கள். பளபளப்பான அட்டையில் மை தேங்கிக் குமிழ் விடும். முன்கூட்டியே குழந்தைப் பவுடரை மெல்லத் தேய்த்துத் துடைத்தால் மை பிடிக்கும். நீல நிறப் பேனை படத்தில் நன்றாகத் தெரியும். கையெழுத்துக்கு இரட்டைப்படியைக் கொண்டுபோங்கள், செற்றில் இருப்பதை வெளியே எடுக்க வேண்டாம்.

2025 டிசம்பர் 14

ஒரு சீசனில் இரண்டு ஊருக்கு ஆடியவர்களை எந்தச் செற்றில் வைப்பது என்று கேள்வி. ஜோன் தவாரெஸை எடுங்கள். வழக்கமான வயதுக்கு முன்பே ஆட விசேட அனுமதியோடு 2005இல் ஜெனரல்ஸுக்கு வந்தார், ஒன்ராறியோ லீக் அப்படி அனுமதி கொடுத்த முதல் ஆள். 2006-07இல் 72 கோல், பதினாறு வயதில் கிரெட்ஸ்கி போட்ட 70ஐத் தாண்டினார். 2009 ஜனவரியில் ஒன்ராறியோவிலேயே உள்ள லண்டன் ஊரின் நைட்ஸ் அணிக்குக் கைமாறினார். ஊரே துக்கம் கொண்டாடியது. என் விதி எளிது: அட்டையில் எந்த உடுப்போ அந்த ஊர். லண்டன் உடுப்பில் இருக்கும் தவாரெஸ் லண்டன்காரர்களின் பிள்ளை, வைத்துக்கொள்ளட்டும்.

இனி இது இன்னும் சிக்கலாகும். 2025 ஓகஸ்டிலிருந்து இந்த லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடலாம். பத்தொன்பது வயதில் இங்கே நின்றிருக்க வேண்டிய சிலர் போய்விடுவார்கள். மூன்று நான்கு வருடம் ஒரே முகம் வளர்வதைச் செற் செற்றாகப் பார்க்கும் சுகம் குறையலாம். அதனால் இப்போதைய செற்றுகளைத் தவறவிடாதீர்கள்.

ஜெனரல்ஸின் பெக்கெட் செனெக்கை 2024 டிராஃப்ட்டில் அனஹைம் மூன்றாவதாக எடுத்தபோது அவர் முகத்தில் வந்த அதிர்ச்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவரைத் தேடுகிறவர்கள் நிறைய. 2024, 2025 இரண்டு லீக் இறுதிகளிலும் லண்டனிடம் தோற்றுத் தலை குனிந்து நின்ற அவருடைய அணியின் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்து வையுங்கள்.

2026 ஜனவரி 4

பெட்டியைப் பிரித்துப் பட்டியல் போட்டு முடித்துவிட்டதாக மகன் எழுதியிருக்கிறான், கூட்டல் கழித்தலோடு. இலக்கம் இல்லாத செற்றைப் பெயர் வரிசையிலா, உடுப்பு இலக்க வரிசையிலா அடுக்குவது என்று கேட்டிருக்கிறான். இணையப் பட்டியல்கள் பெயர் வரிசையில் போகும். நான் உடுப்பு இலக்கத்தில் அடுக்குவேன், ஆட்டம் பார்க்கும்போது தேடச் சுலபம். அவனுக்கு எது வசதியோ அது.

அன்ட்ரெய்சக் வரவில்லையாம், பரவாயில்லை. அவன் பட்டியலில் விடுபட்டதில் நாலு என்னிடம் இரட்டைப்படியாக இருக்கிறது, அவனிடம் இருக்கும் ஒரு கோல் காப்பாளர் எனக்குத் தேவை. வருகிற ஞாயிறு ஆட்டத்தின் முதலாவது இடைவேளையில் நினைவுப்பொருள் கடைக்குப் பக்கத்தில் நிற்பேன். உறையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், கையில் கோப்பி இல்லாமல்.